தாலிடோமைடு: கையெழுத்துப் போட மறுத்த ஐந்து பெற்றோர்

1971-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சுமார் நானூறு குடும்பங்களுக்கு அவரவர் வக்கீல் மூலமாக ஒரு சேதி வந்தது. கையில்லாமலும் காலில்லாமலும் பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்காக டிஸ்டில்லர்ஸ் என்ற கம்பெனி 32.5 லட்சம் பவுண்டு தர முன்வந்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாப் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் யாருக்கும் இல்லை.

ஐந்து பேர் மறுத்தார்கள். அந்த ஐவரையும் வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று மற்ற பெற்றோர்களின் தரப்பே நீதிமன்றத்துக்குப் போனது! ஒரே துயரத்தில் இருந்தவர்கள் ஏன் இப்படி எதிரெதிராக நிற்க வேண்டி வந்தது? அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பயமில்லாத மாத்திரை

மேற்கு ஜெர்மனியில் ஸ்டோல்பெர்க் என்ற ஊரில் இருந்த கெமி கிரூனென்தால் என்ற மருந்து நிறுவனம் 1957 அக்டோபர் 1 அன்று "கான்டெர்கான்" என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதிலிருந்த மருந்துதான் தாலிடோமைடு. அந்தக் காலத்துத் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் உயிர் போய்விடும். தாலிடோமைடில் அந்த ஆபத்து இல்லை. இதனால் மிகவும் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிவிட்டது. ஜெர்மனியில் மருந்துச் சீட்டு கூட இல்லாமல் கடையில் வாங்கலாம். மசக்கை வாந்திக்கும் படபடப்புக்கும் கர்ப்பிணிகள் இதைச் சாப்பிட்டார்கள்.

பிரிட்டனில் 1958 ஏப்ரலில் "டிஸ்டாவல்" என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது டிஸ்டில்லர்ஸ். இது அடிப்படையில் ஒரு சாராயக் கம்பெனி. ஜானி வாக்கர் விஸ்கி இவர்களுடையதுதான். மருந்துத் தொழில் பக்கத் தொழில். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் முழுப் பாதுகாப்போடு கொடுக்கலாம் என்று 1961-ல் கூட டாக்டர்களுக்கு விளம்பரம் செய்தார்கள். கருவுற்ற விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகு சொன்ன வார்த்தை அல்ல அது.

இந்த மருந்தின் கொடுமை அது வேலை செய்யும் காலத்தில் இருக்கிறது. கரு உருவான சுமார் 20-ம் நாளிலிருந்து 36-ம் நாள் வரை, அந்த இரண்டு வாரத்துக்குள்தான் குழந்தையின் காது, கை, கால், உள்ளுறுப்புகள் உருவாகத் தொடங்குகின்றன. அப்போது ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்டாலும் போதும். தான் கர்ப்பமாக இருப்பதே அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தெரியாது. உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிறந்த சில மாதங்களுக்குள் இறந்து போனார்கள்.

துப்பறிந்த தகப்பன்

காரணத்தைக் கண்டுபிடித்த பெருமை ஹாம்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்பிரைட் ஆகியோருக்குக் கொடுக்கப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால் லென்ஸின் வீட்டுக் கதவைத் தட்டியவர் ஒரு தகப்பன் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

கார்ல் ஷுல்ட்டே-ஹில்லன் ஓர் இளம் வக்கீல். 1961-ல் அவருடைய சகோதரிக்குக் கைகள் குறுகிய ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறு வாரம் கழித்து அவருக்கே அதே குறையோடு ஒரு மகன் பிறந்தான். பரம்பரைக் கோளாறு என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வது சுலபம். பல டாக்டர்கள் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் விசாரித்தபோது இன்னும் பல வீடுகளில் இதே போன்ற குழந்தைகள் இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. எல்லாக் குடும்பத்திலும் ஒரே சமயத்தில் பரம்பரைக் கோளாறு வருமா?

அவர் லென்ஸைத் தேடிப் போனார். லென்ஸ் காது கொடுத்துக் கேட்டார். வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் என்ன சாப்பிட்டீர்கள், எந்த சோப்பு உபயோகித்தீர்கள், எக்ஸ்ரே எடுத்தீர்களா என்றெல்லாம் விசாரணை நடந்தது. முதல் முறை கேட்டபோது கான்டெர்கானைப் பலர் சொல்லவே இல்லை. மறைப்பதற்காக அல்ல. தூக்கத்துக்குச் சாப்பிட்ட ஒரு சாதாரண மாத்திரையை யார் மருந்தாக நினைத்துப் பார்ப்பார்கள்? பெயரைச் சொல்லி மறுபடி கேட்டபோதுதான் நினைவு வந்தது.

1961 நவம்பர் 15 அன்று லென்ஸ் கிரூனென்தாலுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். நவம்பர் 26 அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் செய்தி வெளியானது. மறுநாளே கான்டெர்கான் ஜெர்மானியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டனிலும் சில நாட்களுக்குள் விற்பனை நின்றது.

விற்பனைதான் நின்றது. வீடுகளின் அலமாரியில் இருந்த மாத்திரைகள் அங்கேயே இருந்தன. வயிற்றில் இருந்த குழந்தைகள் 1962-லும் பிறந்தன.

சாட்சி கேட்ட உலகம்

பிரிட்டனில் பாதிக்கப்பட்ட பெற்றோர்கள் 1962-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ஈனாக் பவல் பொது விசாரணை நடத்த மறுத்துவிட்டார். ஆகவே கோர்ட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த வழி எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் பிற்பாடு நடந்தது புரியும்.

முதலாவது, மாத்திரை சாப்பிட்டதற்கு என்ன சாட்சி? மருந்துச் சீட்டு தொலைந்திருக்கும். டாக்டர்களுக்கு இலவச மாதிரியாகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளுக்கு எந்தக் குறிப்பும் இருக்காது. ஆதாரம் ஏற்கப்பட்ட குழந்தைகள் "எக்ஸ்" பட்டியலிலும், சந்தேகத்துக்குரியவர்கள் "ஒய்" பட்டியலிலும் வைக்கப்பட்டார்கள். கையில்லாத குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குக் காரணமான மாத்திரையைத் தானே தின்றதாகச் சத்தியம் செய்ய வேண்டிய நிலை தாய்க்கு! இதைவிடக் குரூரமான சாட்சிக்கூண்டு இருக்க முடியாது.

இரண்டாவது, மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற காலவரம்பு. குழந்தையை உயிரோடு காப்பாற்றும் அலைச்சலில் பெரும்பாலானோர் அந்தத் தேதியைத் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது, வயிற்றில் இருக்கும்போது நேர்ந்த பாதிப்புக்காகப் பிறந்த பிறகு வழக்குப் போடும் உரிமை ஒருவருக்கு உண்டா என்பதே அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் தீர்வாகாத கேள்வி. 1976-ல்தான் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. இவை எல்லாவற்றையும் கடந்தாலும், கம்பெனி அஜாக்கிரதையாக நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அன்று எல்லோரும் செய்த அளவுக்கு நாங்களும் சோதித்தோம் என்று கம்பெனி சொன்னால்?

எனவே 1968-ல், காலத்தோடு வழக்குப் போட்டிருந்த 62 குடும்பங்கள் ராஜிக்கு ஒப்புக்கொண்டன. வழக்கில் முழு வெற்றி பெற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் 40 சதவீதம். பதிலுக்கு, கம்பெனியின் அஜாக்கிரதை என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெற வேண்டும். வக்கீல்கள் இதை நல்ல முடிவு என்றே சொன்னார்கள். சட்டத்தை மட்டும் பார்த்தால் அப்படியும் சொல்லலாம்.

கோர்ட் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம்

இதற்கிடையில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்து வளர்ப்பதா, விடுதியில் விடுவதா? செயற்கைக் கை பொருத்துவதா, வேண்டாமா? ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்விகள் இருந்தன. விடுதியில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள், இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு.

செயற்கைக் கைகளின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. அரசாங்கங்கள் பெரும் பணம் செலவிட்டு, கரியமிலவாயு அடைத்த சிறு சிலிண்டரின் அழுத்தத்தால் இயங்கும் கைகளைச் செய்தன. பார்ப்பதற்குப் பிரமாதம். ஆனால் மார்பைச் சுற்றிக் கட்டிய பட்டையோடு அவற்றைச் சுமந்து திரிய வேண்டும். வியர்க்கும். கனக்கும். தொட்டால் எதுவும் தெரியாது. காலில்லாத குழந்தைக்கோ சமநிலையே போய்விடும். கால் இருந்த குழந்தைகள் கால்விரலால் பென்சில் பிடித்து எழுதவும், ஸ்பூன் பிடித்துச் சாப்பிடவும் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிந்துவிட்டுக் காலால் விளையாடிய பிள்ளைகள் ஏராளம். நிபுணர் சொல்வதைக் கேட்பதா, குழந்தை காட்டும் வழியில் விடுவதா என்று பெற்றோர்தான் தவித்தார்கள். காலால் சாப்பிடுவது அநாகரிகம் என்று நினைத்த காலம் அது. ஊர்க் கண்ணுக்கு "சாதாரணமாக"த் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கைகள் அதிகம் தேவைப்பட்டன எனலாம்.

தர்மமா, நஷ்டஈடா?

1971-க்கு வருவோம். 62 குடும்பங்கள் போக 389 பேரின் கோரிக்கைகள் நிலுவையில் இருந்தன. 32.5 லட்சம் பவுண்டைப் பத்து வருடங்களில் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்குப் பத்தாயிரம் பவுண்டு கூட வராது. அது மட்டுமல்ல. அறக்கட்டளை ஒவ்வொரு குடும்பத்தின் "தேவை"யைப் பார்த்துப் பணம் கொடுக்கும். அதாவது பெற்றோர் வரிசையில் நின்று தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். நஷ்டஈடு என்பது உரிமை. இது தர்மக் காசு.

மறுத்த ஐவரில் ஒருவர் டேவிட் மேசன். லண்டனில் ஓவிய வியாபாரி. கைகளும் கால்களும் இல்லாமல் பிறந்த ஒரு பெண்ணின் தகப்பன். தேவையின் அடிப்படையில் கொடுப்பது என்றால் வசதியான வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்பது ஒரு காரணம். கம்பெனியின் பலத்துக்கு இந்தத் தொகை அற்பம் என்பது இன்னொன்று.

மறுபக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பத்து வருடமாக ஒரு பைசாவும் பார்க்காத குடும்பங்கள் அவை. குழந்தையைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்த தாய்மார்கள். அவர்களுக்கு இன்றைய சிறு தொகை, என்றோ வரப்போகும் பெருந்தொகையைவிடப் பெரியது. வசதியுள்ள மேசனால் காத்திருக்க முடியும், எங்களால் முடியுமா என்று அவர்கள் கேட்டதில் தவறென்ன? எல்லோரும் கையெழுத்திட்டால்தான் பணம் என்று நிபந்தனை போட்டது கம்பெனி. கோபம் திரும்பியதோ சக பெற்றோர் மீது. வேண்டுமென்றே போட்டார்களோ இல்லையோ, அந்த நிபந்தனை செய்த வேலை இதுதான்.

மைனர் குழந்தை தானாக வழக்கு நடத்த முடியாது. அதன் சார்பில் பெற்றோர் நடத்துவார். ஐவரும் குழந்தையின் நலனுக்கு விரோதமாக நடப்பதால் அவர்களை நீக்கிவிட்டு, நீதிமன்றத்தின் அரசு வக்கீலை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதே மனு. கீழ் நீதிமன்றம் சம்மதித்துவிட்டது! ஒரு தகப்பன் குறைந்த பணத்தை வேண்டாம் என்றதற்காகத் தன் பிள்ளைக்காகப் பேசும் உரிமையை இழந்தார். மேசன் அப்பீலுக்குப் போனார். 1972 ஏப்ரலில் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. ஒரு பெற்றோர் பார்க்க வேண்டியது தன் குழந்தையின் நலனைத்தான், மற்ற நானூறு குழந்தைகளுக்கு வசதியாக இருக்குமா என்பதை அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு முரணும் உண்டு. இவ்வளவு போராடிய மேசனின் மகள் வளர்ந்தது வீட்டில் அல்ல, சசெக்ஸில் இருந்த செய்லி ஹெரிடேஜ் என்ற விடுதியில். அந்த வலியை அவரே பிற்பாடு புத்தகமாக எழுதினார். கோர்ட்டில் சரியான முடிவெடுத்தவர் எல்லா முடிவையும் சரியாக எடுத்தார் என்று சொல்லிவிட முடியாது.

பத்திரிகையும் பங்குதாரர்களும்

1972 செப்டம்பர் 24 அன்று, ஹரால்ட் எவன்ஸ் ஆசிரியராக இருந்த "சண்டே டைம்ஸ்" இதைத் தேசிய அவமானம் என்று எழுதியது. 32.5 லட்சத்துக்குப் பக்கத்தில் இரண்டு எண்களை வைத்தது. கம்பெனியின் முந்தைய ஆண்டு வரிக்கு முந்தைய லாபம் 6 கோடியே 48 லட்சம் பவுண்டு. சொத்து மதிப்பு 42 கோடியே 10 லட்சம். அடுத்து, மருந்து எப்படிச் சோதிக்கப்பட்டது என்ற கட்டுரை வர இருந்தது. நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு என்று நவம்பரில் அதற்குத் தடையுத்தரவு வந்தது. அந்தத் தடை கீழிருந்து மேல்வரை போய், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 1979-ல் 11-க்கு 9 என்ற கணக்கில் தவறு என்று தீர்ப்பானது.

ஆனால் பெற்றோருக்கு அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் ஜாக் ஆஷ்லி பிரச்சினையைக் கிளப்பினார். அவர் காது கேட்கும் திறனை முழுவதும் இழந்து, உதட்டசைவைப் பார்த்தே சபை நடவடிக்கைகளைப் பின்தொடர்ந்த உறுப்பினர். கடைக்காரர்கள் டிஸ்டில்லர்ஸின் சரக்கை வாங்க மறுத்தார்கள். பங்கு விலை சரிந்தது. லீகல் அண்ட் ஜெனரல் என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் போன்ற பெரிய பங்குதாரர்களே தாராளமாகக் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். 1973 ஜனவரியில் கம்பெனி 2 கோடி பவுண்டுக்கு ஒப்புக்கொண்டது. ஒன்றரை வருடத்துக்குள் ஆறு மடங்கு! அந்த ஆண்டு தாலிடோமைடு அறக்கட்டளை உருவானது.

இதே கொந்தளிப்பில் இன்னொன்றும் பிறந்தது. தாலிடோமைடு அல்லாத காரணத்தால் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1972 நவம்பரில் அரசு 30 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. யார்க் நகரின் ஜோசப் ரவுன்ட்ரீ நினைவு அறக்கட்டளை 1973-ல் "ஃபேமிலி ஃபண்ட்" என்ற நிதியைத் தொடங்கியது. துணி துவைக்கும் இயந்திரம், போர்வை, படுக்கை, குடும்பமாக ஒரு நாள் வெளியே போய்வரச் செலவு என்று கேட்ட சின்னச் சின்ன உதவிகளைச் செய்தது. சட்டப் புத்தகத்தில் வராத தேவைகள் அவை. படுக்கையை நனைக்கும் பத்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் துவைக்கும் இயந்திரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். அந்த நிதி இன்றும் இயங்குகிறது.

ஜெர்மனியில் வேறு முடிவு

ஜெர்மனியில் கிரூனென்தால் அதிகாரிகள் மீதான கிரிமினல் வழக்கு 1968 மே மாதம் ஆல்ஸ்டார்ஃப் என்ற ஊரில் தொடங்கியது. 1970 ஏப்ரலில் கம்பெனி 10 கோடி மார்க் கொடுக்க முன்வந்தது. இனிமேல் எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும் என்பது நிபந்தனை. பெற்றோர் தரப்பு வக்கீலாக நின்ற ஷுல்ட்டே-ஹில்லன் சமரசத்தின் பக்கமே இருந்தார். வழக்கு இன்னும் பல வருடம் இழுக்கும், பிள்ளைகளுக்கு உதவி இப்போதே வேண்டும் என்ற கணக்கு. மேசன் எடுத்ததற்கு நேர் எதிரான முடிவை, அதே அக்கறையோடு எடுத்தவர் அவர். டிசம்பரில் வழக்கு தீர்ப்பில்லாமலே கைவிடப்பட்டது. அரசும் 10 கோடி மார்க் சேர்த்து ஓர் அறநிறுவனம் அமைத்தது. அதற்கான 1971-ம் ஆண்டுச் சட்டம் கம்பெனி மீது மேற்கொண்டு வழக்குப் போடும் உரிமையை ரத்து செய்தது.

கம்பெனி போட்ட பணம் 1997-க்குள் தீர்ந்துவிட்டது. அதன் பின் ஓய்வூதியத்தை ஜெர்மானிய வரிப்பணம்தான் தாங்குகிறது. கிரூனென்தால் 2009-ல் 5 கோடி யூரோ கொடுத்தது. 2012-ல்தான் முதல் முறையாக மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது 2010 ஜனவரியில்.

அன்று யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று, அந்தக் குழந்தைகள் முதுமையைத் தொடுவார்கள் என்பது. அறுபது வருடமாகக் கைக்குப் பதில் காலையும், பல்லையும், வளைந்த முதுகையும் உபயோகித்ததால் இடுப்பும் முட்டியும் கழுத்தும் பல்லும் மற்றவர்களுக்கு முன்பே தேய்ந்து போகின்றன. காலால் சட்டை மாட்டிக்கொண்டவர்களுக்கு இப்போது மாட்டிவிட ஆள் தேவைப்படுகிறது. தூக்கிவிட்ட பெற்றோரில் பலர் இல்லை. 2013-ல் ஜெர்மனி மாதாந்திர ஓய்வூதியத்தின் உச்சவரம்பை 6,912 யூரோவாக உயர்த்தியது. அதுவரை அந்த உச்சவரம்பு 1,152 யூரோ. அதுவும் ஆறு மடங்கு.